நான் விற்ற காந்த உருண்டைகள்

அந்தப் பெட்டியை விற்றது சைக்கால் இல்லை, நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தையில் இந்தக் கதை வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் சைக்கால்தான் குற்றவாளி, நான் அவளுக்குத் துணைக்குப் போன நல்ல மனுஷி.

ஓஷ் நகரச் சந்தையில் ஆற்றை ஒட்டிய வரிசையில் எனக்குக் காலுறைக் கடை. பக்கத்துக் கன்டெய்னர் கடை சைக்காலுடையது. பொம்மை விற்கிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எட்டு வருடமாக அடுத்தடுத்து நிற்கிறோம். அவள் சாப்பிடப் போனால் அவள் கடையை நான் பார்த்துக்கொள்வேன், நான் போனால் என் கடையை அவள். காலுறை விற்கப் பெரிதாக ஒன்றும் தெரிய வேண்டாம், காலைப் பார்த்தால் போதும். பொம்மையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பையனா பெண்ணா என்று கேட்க வேண்டும். பையன் என்றால் கார், பெண் என்றால் பாப்பா பொம்மை. வாங்குகிறவர் தயங்கினால் "மூளை நல்லா வளரும்" என்று சொல்ல வேண்டும். சைக்கால் ரப்பர் வாத்துக்குக்கூட அதைத்தான் சொல்வாள்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம். சைக்கால் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் ஆள் வந்து நின்றார். ஒரு கண்ணுக்கு மேல் வீங்கியிருந்தது. தேன்கூட்டுச் சட்டத்தில் பொருத்துகிற மெழுகுத் தகடுகளைக் கயிறு போட்டுக் கட்டி அக்குளில் இடுக்கியிருந்தார். பொம்மைகளை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றை எடுப்பார், எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைப்பார். கடைசியில் ஒரு சின்னத் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மிளகளவு வெள்ளி உருண்டைகள், எல்லாம் காந்தம். ஒன்றை இழுத்தால் மற்றவை சரம் சரமாகக் கூடவே வந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலு வயசுப் பொண்ணுக்கு இது சரிப்படுமா அக்கா?"

"ஏன் சரிப்படாது? மூளை நல்லா வளரும்."

அவர் இன்னும் தயங்கினார். "ரொம்பப் பொடிசா இருக்கே."

"பொடிசா இருந்தாத்தான் விரலுக்கு வேலை" என்றேன். எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று எனக்கே தெரியாது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள் கழித்து, காலை நேரம், தமீரா என்னிடம் காலுறை வாங்க வந்தாள். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற வார்டில் நர்ஸ். நாள் பூராவும் நிற்கிற வேலை, அதனால் மாதம் ஒருமுறை வருவாள். சில்லறைக்காகக் காத்திருந்தவள் சைக்காலின் மேஜைப் பக்கம் திரும்பினாள். அந்தத் தகரப் பெட்டி ஒன்றை எடுத்தாள்.

"இதை யாருக்கு விக்கிறே?"

"கேக்குறவங்களுக்கு" என்றாள் சைக்கால். "ஏன், உன் பையனுக்கு வேணுமா?"

"என் பையன் இருக்கிற வீட்டுக்குள்ள இது வராது." தமீரா பெட்டியை மூடினாள். "போன மாசம் எங்க வார்டுல ஒரு மூணு வயசுக் குழந்தை. ஒண்ணே ஒண்ணை முழுங்கியிருந்தா அதுபாட்டுக்கு வெளிய போயிருக்கும். ரெண்டு முழுங்கினா உள்ள போயும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். நடுவுல குடல் மாட்டிக்கிட்டா ஓட்டைதான். வயித்தைத் திறந்தப்ப நாலு ஓட்டை. வீட்டுல வயித்து வலின்னு நெனச்சு மூணு நாள் சீரகத் தண்ணி குடுத்திருக்காங்க."

"பெட்டி மேல குழந்தை சிரிக்கிற படம் போட்டிருக்கே."

"அடியில என்ன போட்டிருக்குன்னு பாரு."

சைக்கால் திருப்பிப் பார்த்தாள். சீன எழுத்துகளுக்கு நடுவே பதினாலு என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. பதினாலு வயதுக்கு மேல்தான் என்று அர்த்தமாம். "நான் இதை மாடல் நம்பர்னு நெனச்சேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அவள் வாங்கிவந்தது பன்னிரண்டு பெட்டி. மேஜையில் ஒன்பது. ஒன்று பல்கலைக்கழகத்துப் பையன் வாங்கியது, ஒன்று பல் டாக்டர் தன் மேஜையில் வைத்துக்கொள்ள வாங்கியது. மூன்றாவது யார் என்று யோசித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் கேட்கக்கூட இல்லை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நாலு வயசுப் பொண்ணுக்குன்னு ஒருத்தர் வாங்கினார்" என்றேன். "நான்தான் குடுத்தேன்."

சைக்கால் என்னைத் திட்டவில்லை. தார்ப்பாயை இழுத்து மேஜையை மூடத் தொடங்கினாள். "எந்த ஊரு ஆளு, அக்கா?"

"தெரியாது. மெழுகுத் தகடு வாங்கியிருந்தார்."

கிளம்புமுன் தமீரா தன் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். "குழந்தை முழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாலே போதும், தண்ணிகூடக் குடுக்காம நேரா தூக்கிட்டு வந்துடுங்க. நான் சாயங்காலம் வரைக்கும் வார்டுலதான் இருப்பேன்."

தேனீ சாமான் விற்கிற கொச்கோர் அண்ணன் கடை சந்தையின் மறுகோடியில். நாங்கள் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்து, யாரையாவது தேனீ கொட்டிவிட்டதா என்று கேட்டார்.

"ஒன்பது நாளைக்கு முன்னாடி உங்ககிட்ட மெழுகுத் தகடு வாங்கின ஆளு யாருண்ணே?"

"ஜூன் மாசத்துல மெழுகுத் தகடு வாங்காதவன் யாருன்னு கேளு, சொல்றேன்."

"கண்ணுக்கு மேல வீங்கியிருந்துச்சு."

"இங்க வர்ற எல்லாருக்கும் எங்கயாவது வீங்கித்தாம்மா இருக்கும்."

அப்போதுதான் எனக்கு என் தொழில் கைகொடுத்தது. முகம் மறந்துவிடும், கால் மறக்காது. "பெரிய காலுண்ணே. காலளவு நாப்பத்தேழு இருக்கும். அந்த அளவுக்கு என்கிட்ட காலுறையே கிடையாது."

கொச்கோர் அண்ணன் சிரித்தார். "அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஒட்டகக்கால் எர்கெஷ். கிஜில்தொக்கோய்ங்கிற கிராமத்துக்காரன், உஸ்கென் டவுனைத் தாண்டிப் போகணும். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு." எண்ணையும் கொடுத்தார். அடித்துப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. "மலை மேல தேனீப் பெட்டிங்களோட இருப்பான். வெள்ளிக்கிழமைதான் இறங்குவான்" என்றார். அன்றைக்குச் செவ்வாய்.

சைக்கால் ஒரு பையில் கைக்கு வந்த பொம்மைகளைப் போட்டுக்கொண்டாள், மாற்றிக் கொடுக்க. நான் என் கடையை எதிர்க்கடைக்காரியிடம் ஒப்படைத்தேன். ஷேர் டாக்ஸியில் ஆள் சேரக் காத்திருக்காமல் காலி இடத்துக்கும் நாங்களே கொடுப்பதாகச் சொல்லி ஏறினோம்.

உஸ்கென் வந்ததும் சைக்கால் கேட்டாள். "அவர் ஏதாவது கேட்டாராக்கா? வாங்குறப்போ?"

"பொடிசா இருக்கேன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். என்னைத் தேற்றச் சொன்னாளா, தன்னையே நொந்துகொண்டாளா, தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் எர்கெஷின் மனைவி சபீரா கம்பளத்தைக் கொடியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். சந்தையிலிருந்து வருகிறோம், உங்கள் வீட்டுக்காரர் வாங்கின பொம்மை விஷயமாக, என்றதும் அடிக்கிற கோலைக் கீழே போடாமலே எங்களைப் பார்த்தாள்.

"விலையைக் குறைச்சுப் போட்டுட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"திருட்டுச் சரக்கா?"

"அதெல்லாம் இல்ல. அந்தப் பொம்மை குழந்தைக்கு ஆகாது. திருப்பி எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

"ஒன்பது நாள் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும்." கோலைச் சுவரில் சாய்த்தாள். "சரி, வாசல்ல நிக்காதீங்க. உள்ள வந்து ரொட்டி பிட்டுட்டுப் பேசுங்க."

உள்ளே விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள் ஐசெஜிம். நாலு வயதுக்குச் சின்ன உருவம், நெற்றியை மறைக்கிற முடி. எங்களைப் பார்த்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினாள். காது மடலுக்கு முன்னால் ஓர் உருண்டை, பின்னால் ஓர் உருண்டை. கம்மல்.

"என் கம்மலைப் பாத்து அவளே கண்டுபிடிச்சா" என்றாள் சபீரா. பெருமை குரலிலேயே தெரிந்தது. "காதுலயும் போடுவா, உதட்டுலயும் ஒட்ட வெச்சுக்குவா. நாள் பூரா இதோடதான். என்னைத் தொந்தரவே பண்ணமாட்டா. இவ அப்பா வாங்குனதிலேயே உருப்படியான சாமான் இதுதான்."

சைக்காலின் கை என் கையைப் பிடித்தது.

சபீரா தேநீர் ஊற்றினாள், ரொட்டியைப் பிட்டு வைத்தாள், பாலாடை வைத்தாள். குழந்தை ஒரு துண்டுக்குக் கை நீட்டியது. சைக்கால் அந்தத் துண்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். விருந்தாளியாக வந்து அந்த வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து ரொட்டியைப் பறிப்பதா? சபீராவின் முகம் மாறிவிட்டது.

"கோபப்படாதே தங்கச்சி" என்றேன். "முதல்ல கேளு." தமீரா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். யார் விற்றது என்பதையும் சொன்னேன். நான் முடித்ததும் சபீரா குழந்தையின் காதிலிருந்து இரண்டு உருண்டைகளையும் எடுத்துத் தேநீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

"எத்தனை இருந்துச்சு மொத்தம்?"

"இருநூத்திப் பதினாறு. ஆறுக்கு ஆறா அடுக்கி, ஆறு அடுக்கு வெச்சா கனச் சதுரமா வரும்" என்றாள் சைக்கால்.

மூன்று பேரும் விரிப்பில் குனிந்து அடுக்கினோம். அந்தச் சனியன்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒரு வரிசையைச் சரிசெய்தால் மறுவரிசை துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. ஐசெஜிம்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள், இப்படிப் பக்கவாட்டில் நகர்த்தணும் என்று. அந்தச் சின்ன விரல்கள் எவ்வளவு நயமாக வேலை செய்தன. கிண்ணத்தில் கிடந்த இரண்டையும் சேர்த்தபிறகு, கடைசி மூலையில் மூன்று குறைந்தது.

வீட்டில் இரும்பு எதெல்லாம் உண்டோ அதையெல்லாம் தடவினோம். ஒன்று அடுப்புக் கதவின் கீல் பக்கம் ஒட்டியிருந்தது. தையல் மிஷின், கட்டில் கால், பெட்டிப் பூட்டு எதிலும் இல்லை. இரண்டு குறைகிறது.

"விழுந்திருக்கும்" என்றாள் சபீரா. "பெருக்குறப்ப போயிருக்கும்." மறுபடி, "நிச்சயம் பெருக்குறப்பதான் போயிருக்கும்" என்றாள். பிறகு திடீரென்று மகளின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "வாயில போட்டியாடி? சொல்லு, போட்டியா?"

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டது. இனி அது பேசாது என்று மூன்று பிள்ளை பெற்ற எனக்குத் தெரிந்தது. சைக்காலுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவள்தான் குழந்தைக்குச் சமமாகக் கீழே படுத்து, முழங்கையை ஊன்றி, ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டாள்.

"ருசி எப்படி இருந்துச்சு? இனிப்பா?"

ஐசெஜிம் யோசித்தாள். "ருசியே இல்ல. குளுகுளுன்னு இருந்துச்சு."

"எத்தனை?"

இரண்டு விரல் காட்டினாள். பிறகு ஐந்து விரலையும் காட்டினாள்.

"எப்போ?"

"நாளைக்கு."

சபீரா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு என்றால் அந்த வயதுக்கு நேற்றாகவும் இருக்கலாம், போன வாரமாகவும் இருக்கலாம். நான்தான் அவளை எழுப்பினேன். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். கஞ்சி, எட்டு மணிக்கு. வயிறு வலிக்கிறது என்றாளா? இல்லை. வாந்தி? இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கார் இருந்தது. எர்கெஷுக்குச் சொல்ல அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போனான். நாங்கள் நாலு பேரும் பின்சீட்டில். குழந்தை தண்ணீர் கேட்டது, கொடுக்கவில்லை. மறுபடி கேட்டது. உஸ்கென் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது. சபீரா மடியில் அதை வைத்துக்கொண்டு, வெளியே தெரிகிற ஒவ்வொரு மாட்டையும் காட்டிப் பேர் வைக்கச் சொன்னாள். பத்தாவது மாட்டுக்கு மேல் சைக்கால் தொடர்ந்தாள்.

வழியிலேயே போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் தமீரா ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விலா எலும்புக்குக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஒட்டிக்கொண்டு.

"வயித்துலதான் இருக்கு, குடலுக்கு இறங்கல" என்றார். "இன்னிக்கோ நேத்தோதான் முழுங்கியிருக்கணும். மயக்கம் குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம். வெட்ட வேண்டியதில்ல. வர்ற வழியில எதுவும் குடுக்கலையே?"

"ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கல" என்றாள் சபீரா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

எர்கெஷ் வந்தபோது குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தேனீ வளர்ப்பவர்கள் போடுகிற வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றவில்லை, புகை வாடை அடித்தது. மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு நடைபாதையின் கோடியில் நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"நான் கேட்டேன்ல?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "பொடிசா இருக்கேன்னு கேட்டேன்ல உங்ககிட்ட?"

"கேட்டீங்க."

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் வெச்சிட்டுப் போயிருப்பேன்."

"ஆமா. சொல்லியிருக்கலாம்."

அவர் வேறு ஏதோ எதிர்பார்த்திருப்பார் போல. நான் தலையைக் குனியவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அப்புறம் என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கோடை பூரா மலைல. மாசத்துக்கு மூணு நாலு நாள்தான் வீட்டுல" என்றார், சுவரைப் பார்த்தபடி. "போன தடவை ஒரு கரடி வாங்கினேன். பாட்டரி போட்டா கத்தும். பயந்துபோய் என்கிட்டயே வரமாட்டேன்னுட்டா. அதுக்கு முன்னாடி வாங்கினது கைக்குழந்தை ஆட்டுற கிலுகிலுப்பை மாதிரி. அதைத் தூக்கிப் போட்டா. இவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலக்கா. அந்த உருண்டையைக் குடுத்த அன்னிக்குத்தான் மொத தடவையா என் மடியில உக்காந்தா. ஒரு மணி நேரம் உக்காந்தா."

பையில் இருந்த தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

ஐந்து மணி சுமாருக்குக் கதவு திறந்தது. தமீரா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எர்கெஷிடம் கொடுத்தாள். உள்ளே இரண்டு உருண்டைகள், இன்னும் ஒட்டிக்கொண்டு. பளபளப்பு போயிருந்தது. அவர் அதைப் பிரிக்க நகத்தால் குப்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு நாள் வெச்சுப் பாத்துட்டு அனுப்பிடுவாங்க" என்றாள் தமீரா. "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இந்தப் பேச்சே வேற."

சபீரா எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை.

மறுநாள் சைக்கால் கடையைத் திறந்தாள், ஆனால் விற்கவில்லை. எல்லாவற்றையும் தரையில் இறக்கி ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கரடியின் கண்ணைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கரடிக்குக் கண் கையோடு வந்தது. பாட்டரி மூடியைத் திருகு இல்லாமல் நகத்தால் திறக்க முடிகிறதா என்று பார்த்தாள். இழுத்துக்கொண்டு போகிற வாத்தின் கயிறு தன் கழுத்தைச் சுற்றி வருகிற நீளமிருந்ததைப் பார்த்துவிட்டுக் கத்தரியால் நறுக்கினாள். கழிவறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கிற அட்டைக் குழாய் ஒன்றைத் தமீரா கொடுத்துவிட்டிருந்தாள். அதற்குள் விழுந்து வெளியே வருகிற எதுவும் சின்னக் குழந்தையின் தொண்டைக்கும் போகும் என்று சொல்லியிருந்தாள். சைக்கால் ஒவ்வொரு சாமானாக அதில் போட்டுப் பார்த்தாள். எதிர்க்கடைக்காரி வந்து, "என்னடி, பொம்மைக்கு டாக்டரம்மா ஆயிட்டியா? கரடிக்கு ஜுரம் இருக்கான்னும் பாத்துடு" என்றாள். சைக்கால் சிரித்தாள். ஆனால் கையை நிறுத்தவில்லை.

அந்தக் காந்தப் பெட்டிகள் சந்தையில் இன்னும் ஆறு கடையில் இருந்தன. நானும் அவளும் ஒவ்வொரு கடையாகப் போனோம். நாலு பேர் எடுத்து உள்ளே வைத்தார்கள். ஒருவன், "என் வியாபாரத்தைக் கெடுக்க வந்தீங்களா?" என்றான். இன்னொருத்தி, "பெத்தவங்க பாத்துக்கணும், நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இரண்டு நாளைக்கு முன்பு வந்து கேட்டிருந்தால். அவளிடம் வாதாட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. எக்ஸ்ரேயில் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அவள் அவற்றை எடுத்தாளா இல்லையா என்று தெரியாது.

சைக்காலிடம் வியாபாரம் கொஞ்சம் மெதுவானது. வருகிறவர்களை அவள் கேள்வி கேட்கிறாள். குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைக்கிறதா, வீட்டில் அதைவிடச் சின்னது இருக்கிறதா, பகலில் யார் கூட இருப்பார்கள், உட்கார்ந்து விளையாடுமா ஓடி விளையாடுமா. சிலர் எரிச்சலோடு போய்விடுகிறார்கள். ஒரு கிழவர், தன் பேரனுக்குப் பெண் கொடுக்க வந்தாற்போலக் கேள்வி கேட்கிறாயே என்றார். ஆனால் உட்கார்ந்து பதில் சொன்னார், முழு மனதோடு.

ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்கெஷ் வந்தார், ஐசெஜிமைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் எழுந்து நின்றேன். அவர் எனக்குத் தலையசைத்துவிட்டு நேரே சைக்காலிடம் போனார்.

"இவளுக்கு ஒண்ணு வேணும். அந்தப் பெரிய பாப்பா பொம்மை எப்படி? கண்ணை மூடித் தொறக்குமே."

"அது உங்களுக்குப் பிடிச்சிருக்கா, அவளுக்கா?"

"பொண்ணுங்களுக்குப் பொம்மைதானே பிடிக்கும்?"

"இவ அந்த உருண்டையை என்ன பண்ணினா, யோசிச்சுப் பாருங்க. அதைக் கொஞ்சினாளா? தூங்க வெச்சாளா?"

எர்கெஷ் யோசித்தார். "சேத்தா. பிரிச்சா. மறுபடி சேத்தா."

"அவ்வளவுதான். அவளை விட்டுருங்க கொஞ்ச நேரம்."

ஐசெஜிமை விட்டுவிட்டோம். அவள் தரையில் இருந்த கூடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். கண் மூடித் திறக்கிற பாப்பாவை ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தாள். கட்டைகளை அடுக்கினாள், அலுத்துப்போனது. ஒரு மர ரயில் இருந்தது, ஏழு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் முஷ்டி அளவு. ஒரு பெட்டியின் மரக் கொக்கியை அடுத்ததன் வளையத்தில் மாட்ட வேண்டும். மாட்டுவது அவ்வளவு சுலபமில்லை. முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. எர்கெஷ் குனிந்து உதவப் போனார்.

"வேணாம்" என்றாள் சைக்கால்.

"கஷ்டப்படுறாளே."

"கஷ்டம்தான் அவளுக்குப் பிடிச்சிருக்கு. பாருங்க."

நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஐசெஜிம் மூன்றாவது தடவை மாட்டினாள். டக் என்று சத்தம் கேட்டது. தலையைத் தூக்கி யாரையும் பார்க்கவில்லை. அடுத்த பெட்டியை எடுத்தாள். எர்கெஷ் அந்தப் பெரிய கால்களை மடக்கி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஏழு பெட்டியும் சேர்ந்ததும் அவள் எல்லாவற்றையும் கழற்றி அவர் மடியில் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாக அங்கிருந்து எடுத்தாள்.

நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கிளம்பும்போது எர்கெஷ் என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"நாப்பத்தேழு அளவுல காலுறை ஏதாவது இருக்கா?"

"உங்களுக்காகச் சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வாரம் வந்துடும்."

"சரி." மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீங்க வராமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்படிச் சொன்னால் என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வதுபோல இருக்கும் என்று தோன்றியது. "சைக்கால்தான் கிளம்பினா" என்றேன். அது உண்மை. அன்றைக்குக் காலையில் நான் மட்டும் தனியாக இருந்திருந்தால் தார்ப்பாயை இழுத்து மூடியிருப்பேனா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர்கள் வரிசைக் கோடி வரைக்கும் நடந்துபோவதைப் பார்த்தேன். ஐசெஜிம் ரயிலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டத்தில் யாருடைய காலோ பட்டு ரயில் இரண்டு முறை கழன்றது. இரண்டு முறையும் அப்பாவின் கையை விட்டுவிட்டு நடுவழியில் உட்கார்ந்து அவளே மாட்டினாள். அவர் குனியாமல், ஆட்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்று காத்திருந்தார்.